என்.கே. செல் எதிரே நிற்கும் செல்லில் எதைப் பார்க்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்லும் பி செல்லும் தங்கள் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து கோடிக்கணக்கான வகை ஏற்பிகளை, அதாவது மற்றப் புரதங்களைப் பிடித்துப் பார்க்கும் மேற்பரப்புப் புரதங்களை, செய்துகொள்கின்றன, அதனால் எந்த அந்நியப் புரதம் வந்தாலும் பிடிக்க ஏதாவது ஒரு செல் இருந்துவிடும். கெட்டுப்போன செல்களைக் கொல்லும் இன்னொரு வெள்ளையணுவான இயற்கைக் கொல்லி செல், அதாவது என்.கே. செல், அப்படி எதையும் கலைப்பதில்லை. பிறவியிலேயே வந்த சில டஜன் ஏற்பிகள்தான் அதன் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் செல்லின் மேலுள்ள புரதம் நம்முடையதா அந்நியமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூடவே ஒரு துணைக் கேள்வியும் போட்டிருக்கிறீர்கள்: எம்.எச்.சி., அதாவது நம் செல்கள் பெரும்பாலானவற்றின் மேல் அடையாளம்போல நிற்கும் புரதம், இல்லாத செல்லை அது கொன்றுவிடும் என்றால் சிவப்பணுக்களை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கேள்விதான் ஆழமானது, முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தச் செல்களோடு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நோயாளிகளுக்கு சிகிச்சை செய்வது என் துறை அல்ல.

நேராகப் பதில் சொன்னால், என்.கே. செல் பெரும்பாலும் ‘இது யாருடைய புரதம்’ என்று பார்ப்பதே இல்லை. அது தொட்டுப் பார்க்கும் புரதங்களில் ஏறக்குறைய எல்லாமே நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கும் நம்முடைய சொந்தப் புரதங்கள்தான். இருக்க வேண்டிய சில புரதங்கள் இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கின்றனவா, சாதாரணமாக வெளியே தலைகாட்டாத சில புரதங்கள் இப்போது அதிகமாகத் தெரிகின்றனவா, இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்குப் பார்க்கிறது. அளவுதான் அதன் கேள்வி. சொந்தமா அந்நியமா என்ற பிரிவினை டி செல்லைப் பற்றிப் படிக்கும்போது நம் மனதில் ஊறிப்போனது, அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எதுவும் பொருந்தாது.

இந்த எண்ணம் வந்து சேர்ந்த வழியைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். 1975-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அதே சமயத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவும், முன்கூட்டி எந்தத் தடுப்பூசியும் போடாத எலியின் வெள்ளையணுக்களே சில புற்றுச் செல்களைக் கொல்வதை எழுதினார்கள். அப்புறம் எல்லோரும் தேடியது ஒரே பொருளைத்தான்: அந்தப் புற்றுச் செல்களின் மேல் இருக்கும் எந்தப் புரதத்தை இது பிடிக்கிறது? தேடத் தேட ஒத்துவராமல் போனது. க்ளாஸ் காரே என்ற ஆராய்ச்சியாளர் வேறொரு பழைய புதிரை எடுத்துக்கொண்டு இதைத் திருப்பிப் போட்டார். இரண்டு வெவ்வேறு எலி வம்சங்களைக் கலந்து பிறந்த குட்டிக்குப் பெற்றோரில் ஒருவருடைய எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தால், உறுப்பு மாற்று விதிப்படி அது ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த மஜ்ஜையில் குட்டிக்கு அந்நியமானது ஒன்றுமே கிடையாது. ஆனால் குட்டி அதை நிராகரிக்கிறது. அந்நியமாக ஒன்றும் இல்லாத செல்லில் வித்தியாசம் என்று எதைச் சொல்வது? இன்னொரு பெற்றோர் வழியாகக் குட்டிக்கு வந்த எம்.எச்.சி. அந்த மஜ்ஜையில் இல்லை, அவ்வளவுதான். தினமும் வாசல் விளக்கு எரிகிற வீட்டில் ஒரு நாள் எரியாவிட்டால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பாரே, அது மாதிரி இல்லாமையே ஒரு செய்தியாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். 1986-ல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரே எலிப் புற்றின் இரண்டு வடிவங்களை வைத்து இதைக் காட்டினார்கள். எம்.எச்.சி. நிறைய உள்ள வடிவம் எலியில் வளர்ந்தது, எம்.எச்.சி. குறைந்துபோன வடிவத்தை என்.கே. செல்கள் அழித்துவிட்டன.

இதில் எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. கே562 என்று ஒரு மனிதச் செல் வரிசை இருக்கிறது, நாள்பட்ட ரத்தப் புற்றுநோயிலிருந்து வந்தது, மேற்பரப்பில் எம்.எச்.சி. முதல் வகுப்பு கிட்டத்தட்டக் கிடையாது. யாருடைய ரத்தத்திலிருந்து என்.கே. செல்லை எடுத்து இதனோடு கலந்தாலும் சில மணி நேரத்தில் கொல்லத் தொடங்கிவிடும், அதனால்தான் உலகம் முழுக்க என்.கே. செல் வேலை செய்கிறதா என்று சோதிக்க இதையே இலக்காக வைக்கிறார்கள். அதே கே562-ஐ இன்டர்ஃபெரான் காமா என்ற நோய் எதிர்ப்புச் சைகைப் புரதத்தில் ஊறவைத்து எம்.எச்.சி.யை மேலே வரவழைத்தால் கொல்வது குறைகிறது. இதைவிட நறுக்கான சோதனை, எச்.எல்.ஏ., அதாவது மனித எம்.எச்.சி., இல்லாத 721.221 என்ற செல் வரிசையில் ஒரே ஒரு எச்.எல்.ஏ. மரபணுவை மட்டும் நுழைத்துப் பார்ப்பது. நேற்று வரை செத்துக்கொண்டிருந்த செல் இன்று பிழைத்துக்கொள்கிறது, அதுவும் எல்லா என்.கே. செல்களிடமிருந்தும் அல்ல, குறிப்பிட்ட ஏற்பி உள்ளவற்றிடமிருந்து மட்டும். எந்த ஏற்பி எந்தப் புரதத்தைப் படிக்கிறது என்ற நம் அறிவில் பெரும் பங்கு இப்படிப்பட்ட சோதனைகளில் வந்ததுதான்.

இப்போது புரதங்களுக்கு வருவோம். நம் உடலில் உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் மேலும் எம்.எச்.சி. முதல் வகுப்பு இருக்கிறது, மனிதரில் அதற்கு எச்.எல்.ஏ.-ஏ, பி, சி என்று பெயர். செல்லுக்குள் உடைபடும் புரதங்களின் சின்னச் சின்னத் துண்டுகளை மேலே தூக்கிவந்து டி செல்லுக்குக் காட்டுவது அதன் வேலை. டி செல்லிடமிருந்து தப்பிக்க நினைக்கிற வைரஸும் புற்றும் முதலில் கை வைப்பது இதன் மேல்தான். என்.கே. செல் இதைப் படிப்பதற்கு வைத்திருக்கும் முக்கியமான ஏற்பிக் குடும்பம் கே.ஐ.ஆர். டி செல் ஏற்பி அந்தத் துண்டின் நடுவே நின்று எழுத்தெழுத்தாக வாசிக்கும், கே.ஐ.ஆர். ஒரு ஓரமாக நின்று பெரும்பாலும் எச்.எல்.ஏ.யின் உடலையே தடவிப் பார்க்கும், துண்டின் கடைசி எழுத்துகளை மட்டும் லேசாக உணரும். இந்தத் தடவல் எவ்வளவு நுட்பமானது என்றால், எச்.எல்.ஏ.-சி வகைகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது 80-வது இடத்திலுள்ள ஒரு அமினோ அமிலம்: அங்கே லைசின் இருந்தால் கே.ஐ.ஆர்.2டி.எல்.1 பிடிக்கும், அஸ்பராஜின் இருந்தால் கே.ஐ.ஆர்.2டி.எல்.2, 2டி.எல்.3 பிடிக்கும். ஏற்பியின் பக்கமும் அப்படித்தான், அதன் 44-வது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினால் எந்தக் கூட்டத்தைப் பிடிக்கும் என்பதே மாறிவிடுகிறது. எலியில் இதே வேலையைச் செய்வது லை49 என்ற குடும்பம், அது கே.ஐ.ஆருக்கு வடிவத்தில் எந்த உறவும் இல்லாத லெக்டின் வகைப் புரதம். சம்பந்தமில்லாத இரண்டு புரதக் குடும்பங்களைக் கொண்டு பரிணாமம் ஒரே வேலையை இரண்டு தடவை செய்திருக்கிறது என்பது இந்த வேலை எவ்வளவு தேவையானது என்று எனக்குச் சொல்கிறது.

இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எச்.எல்.ஏ.-இ என்று ஒரு புரதம், மற்ற எச்.எல்.ஏ.க்களைப் போல ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாதது. எச்.எல்.ஏ.-ஏ, பி, சி செல்லுக்குள் தயாராகும்போது அவற்றின் முன்னால் ஒட்டியிருக்கும் வழிகாட்டித் தொடர் வெட்டி எறியப்படும். அந்தக் கழிவிலிருந்து ஒன்பது அமினோ அமிலத் துண்டு ஒன்று எச்.எல்.ஏ.-இ-யின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் அது நிலையாக மேலே வந்து நிற்கும். ஆக எச்.எல்.ஏ.-இ மேலே இருக்கிறது என்றால் உள்ளே மற்றவற்றின் தயாரிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். என்.கே. செல்லின் சி.டி.94-என்.கே.ஜி.2ஏ என்ற ஜோடி ஏற்பி இந்த ஒன்றைத் தொட்டே முழுத் தயாரிப்பையும் தெரிந்துகொண்டு தன்னை அடக்கிக்கொள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தடுக்கும் பக்கம். எழுப்பும் பக்கம் இல்லாமல் ஒன்றும் நடக்காது, சுருக்கமான விளக்கங்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். என்.கே.ஜி.2டி என்ற ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதரில் அது பிடிப்பது எம்.ஐ.சி.ஏ., எம்.ஐ.சி.பி., யு.எல்.பி.பி. குடும்பம் ஆகியவற்றை. எல்லாம் நம் சொந்த மரபணுக்களின் புரதங்கள், எம்.எச்.சி.க்குத் தூரத்து உறவு. ஆரோக்கியமான செல்லில் இவை மிகக் குறைவாகவே தெரியும். டி.என்.ஏ. சிதைந்தால், வைரஸ் புகுந்தால், செல் கட்டுப்பாடின்றிப் பிரியத் தொடங்கினால் மேலே வந்துவிடும். என்.கே.பி.30 என்ற ஏற்பி பிடிக்கும் பி7-எச்6 புரதமும் அதே கதை, சாதாரணச் செல்களில் காண்பது அரிது, பல புற்றுச் செல்களில் இருக்கும். சி.டி.16 மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, அது இலக்குச் செல்லின் புரதத்தை நேராகத் தொடுவதில்லை, அதன் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கிறது. ரத்தத்திலிருந்து எடுத்தவுடன் இருக்கும், தூண்டப்படாத என்.கே. செல்லை எழுப்ப சி.டி.16 ஒன்றே போதும், மற்ற ஏற்பிகளைத் தனித்தனியே தட்டினால் அது அசையாது, இரண்டு மூன்றை ஒன்றாகத் தட்டினால்தான் வேலைக்கு இறங்கும். ஒரே ஒரு தவறான சைகையால் நம் திசு அழிந்துபோகாமல் இருக்க இது ஒரு நல்ல தடுப்பு.

இரண்டு பக்கமும் எங்கே சந்திக்கின்றன? செல்லுக்குள்ளே, சவ்வுக்குக் கீழேயே. எழுப்பும் ஏற்பி இலக்கைப் பிடித்ததும் அதனோடு சேர்ந்த துணைப் புரதத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறும், அதிலிருந்து சைகைச் சங்கிலி கிளம்பும், செல்லின் எலும்புக்கூடு அந்தப் பக்கம் திரும்பும், இலக்கைக் கொல்லும் புரதங்களான பெர்ஃபோரினும் கிரான்ஸைமும் நிறைந்த பைகள் தொடர்பு இடத்துக்கு நகரும். தடுக்கும் ஏற்பியின் வாலிலும் டைரோசின் இருக்கிறது, அங்கே பாஸ்பேட் ஏறினால் வந்து ஒட்டுவது எஸ்.எச்.பி.-1 போன்ற பாஸ்படேஸ், அதாவது பக்கத்தில் ஏறிய பாஸ்பேட்டை உடனே கழற்றிவிடும் நொதி. சங்கிலியின் ஆரம்பத்திலேயே வாவ்1 என்ற புரதத்தை அது அடக்கிவிடுவதால் பின்னால் எதுவும் தொடங்குவதில்லை. இந்தத் தடை செல் முழுவதுக்கும் போடப்படுவதும் இல்லை, தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன இடத்தோடு சரி. ஒரே என்.கே. செல் ஒரு பக்கம் ஆரோக்கியமான செல்லையும் மறுபக்கம் எம்.எச்.சி. இழந்த செல்லையும் தொட்டுக்கொண்டிருந்தால், முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கொல்வதைக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, சிவப்பணு. இப்போது பதில் தானாகவே வந்திருக்கும். முதிர்ந்த சிவப்பணுவில் எம்.எச்.சி. ஏறக்குறைய இல்லை, ஆகவே தடுக்கும் சைகை கிடையாது. ஆனால் எழுப்பும் சைகையும் போதுமான அளவுக்குக் கிடையாது. தடை இல்லாதது மட்டும் கொல்வதற்குக் காரணம் ஆகாது. ‘எம்.எச்.சி. இல்லாவிட்டால் கொல்லும்’ என்ற ஒற்றை வரி பாடப்புத்தகத்தில் மனப்பாடத்துக்கு வசதி, ஆனால் பாதி உண்மைதான். மறுபக்கமும் நடக்கிறது, எழுப்பும் சைகை மிக பலமாக இருந்தால் எம்.எச்.சி. நிறைய இருந்தும் செல் கொல்லப்படலாம்.

இதோடு ஒட்டிய ஒரு சிக்கலைச் சொல்லாமல் போனால் பதில் குறையாகிவிடும். கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19-வது குரோமோசோமில், எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-வதில். இரண்டும் தனித்தனியாகவே பிள்ளைகளுக்குப் போகின்றன. போதாததற்கு ஒவ்வொரு என்.கே. செல்லும் தன்னிடமுள்ள கே.ஐ.ஆர். மரபணுக்களில் எதைத் திறப்பது என்பதை ஏறத்தாழ குலுக்கல் மாதிரி முடிவு செய்கிறது. ஆகவே தன் உடலின் எச்.எல்.ஏ.யைப் படிக்கத் தெரிந்த எந்தத் தடுப்பு ஏற்பியும் இல்லாத என்.கே. செல்கள் எல்லோர் ரத்தத்திலும் இருக்கின்றன. அவை நம்மையே தின்ன வேண்டாமா? தின்பதில்லை, அவை மந்தமாகிக் கிடக்கின்றன. எம்.எச்.சி. மேலே வராமல் செய்யப்பட்ட எலிகளிலும், பிறவிக் குறைபாட்டால் எச்.எல்.ஏ. மிகக் குறைந்த மனிதர்களிலும் இதே நிலைமைதான், என்.கே. செல்கள் இருக்கும், ஆனால் கே562-ஐக்கூட ஒழுங்காகக் கொல்லாது. சொந்த எம்.எச்.சி.யைத் தொட்டுப் பழகிய செல்தான் அதன் குறைவைக் கண்டு சீறுகிறது. இந்தப் பழக்கம் நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. தடுப்பு ஏற்பி வழியாக வரும் சைகை செல்லுக்குத் திறனைக் கொடுக்கிறதா, அல்லது தடுப்பே இல்லாமல் தொடர்ந்து எழுப்பப்பட்டதால் மற்ற செல்கள் களைத்துத் திறனை இழக்கின்றனவா என்பதில்தான் கருத்து வேறுபாடு. 2005-ல் தொடங்கிய இந்த விவாதம் முழுவதுமாகத் தீரவில்லை. இது ஒருமுறை எழுதி முடிந்த தீர்ப்பு அல்ல, முதிர்ந்த செல்லையும் வேறு உடலுக்கு மாற்றினால் அது மறுபடி பழகிக்கொள்கிறது என்பதால் நான் இரண்டையும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாகத்தான் பார்க்கிறேன்.

‘அப்படியானால் அந்நியப் புரதத்தை என்.கே. செல் நேராகப் பிடிப்பதே இல்லையா’ என்று கேட்டால், சில இடங்களில் பிடிக்கிறது, ஐயத்துக்கு இடமில்லாத உதாரணம் எலியில் இருக்கிறது. எலி சைட்டோமெகலோவைரஸ் எம்157 என்று ஒரு புரதத்தைத் தான் குடிபுகுந்த செல்லின் மேல் நிறுத்துகிறது, வடிவத்தில் எம்.எச்.சி. மாதிரி. சில எலி வம்சங்களில் அது லை49ஐ என்ற தடுப்பு ஏற்பியைத் தொட்டு என்.கே. செல்லை ஏமாற்றுகிறது, அநேகமாக அதற்காகவே உருவானதாக இருக்கும். சி57 கறுப்பு எலி என்ற ஆய்வக வம்சத்திலோ அதே புரதத்தை லை49எச் என்ற எழுப்பும் ஏற்பி பிடித்துக்கொள்கிறது, அந்த எலி வைரஸை நன்றாகவே சமாளிக்கிறது. மனித சைட்டோமெகலோவைரஸும் சளைத்ததல்ல. அதன் யு.எல்.18 புரதம் எச்.எல்.ஏ. போல வேடமிட்டு எல்.ஐ.ஆர்.-1 என்ற தடுப்பு ஏற்பியை உண்மையான எச்.எல்.ஏ.யைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பிடிக்கிறது. யு.எல்.40 என்ற இன்னொன்று நான் மேலே சொன்ன அந்த ஒன்பது எழுத்துத் துண்டைத் தானே தயாரித்து எச்.எல்.ஏ.-இ-க்குக் கொடுக்கிறது. யு.எல்.16 எம்.ஐ.சி.பி.யையும் சில யு.எல்.பி.பி.க்களையும் செல்லுக்குள்ளேயே பிடித்துவைத்து என்.கே.ஜி.2டி கண்ணில் படாமல் செய்கிறது. வைரஸ் இத்தனை பாடுபடுவதைப் பார்த்தாலே எந்தெந்தப் புரதங்களை என்.கே. செல் உண்மையிலேயே படிக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு ஆய்வுக் கட்டுரைகளைவிட இந்த வைரஸ் தரும் சாட்சியம் மேல் என்று தோன்றும்.

எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றால், என்.கே.பி.46 விஷயத்தில். இது என்.கே. செல்லின் அடையாளம் என்றே சொல்லத்தக்க ஏற்பி, ஆனால் அது எதைப் பிடிக்கிறது என்பதற்கு இன்ஃப்ளூயன்சா வைரஸின் ஹீமக்ளூட்டினின் புரதம், வழக்கமாகச் செல்லுக்குள் இருந்து வெளியே வந்துவிட்ட கால்ரெட்டிகுலின் புரதம், இன்னும் சில என்று வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. எல்லாமே சரியாக இருக்கலாம், அல்லது சில மட்டும். இவற்றில் ஒன்றை மட்டும் ‘இதுதான்’ என்று எழுதியிருக்கும் கட்டுரையை அப்படியே நம்ப வேண்டாம். கே.ஐ.ஆரும் எச்.எல்.ஏ.-சியும், என்.கே.ஜி.2டியும் எம்.ஐ.சி.ஏ.யும், சி.டி.94-என்.கே.ஜி.2ஏயும் எச்.எல்.ஏ.-இ-யும் ஆகிய மூன்று ஜோடிகளும் படிக வடிவம் வரை பார்க்கப்பட்டவை, அங்கே தைரியமாகக் கால் வைக்கலாம்.

கடைசியாக, இவ்வளவு இருந்தும் புற்று ஏன் தப்பிக்கிறது என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். காரணம் ஒன்று மட்டும் அல்ல, ஆனால் மேலே சொன்னதோடு நேராகத் தொடர்புள்ளது இது: பல கட்டிகள் எம்.ஐ.சி.ஏ.வை மேற்பரப்பிலிருந்து நொதிகளால் வெட்டி வெளியே விட்டுவிடுகின்றன. அதனால் செல்லின் மேல் பிடிக்க ஆள் இல்லை, மிதக்கும் துண்டுகள் வேறு என்.கே.ஜி.2டியை மந்தப்படுத்துகின்றன. அந்த வெட்டு விழும் இடத்தை ஆன்டிபாடியால் மூடினால் எம்.ஐ.சி.ஏ. மேலேயே தங்குவதையும், என்.கே. செல்கள் மறுபடி வேலைக்கு வருவதையும் 2018-ல் எலிகளில் காட்டினார்கள். என்.கே.ஜி.2ஏ-வை மறைக்கும் மோனலிசுமாப் என்ற ஆன்டிபாடியை மனிதர்களிலேயே சோதித்திருக்கிறார்கள். 2002-ல் இத்தாலியின் பெருஜியா குழு, கொடையாளியின் கே.ஐ.ஆருக்கு நோயாளியின் எச்.எல்.ஏ. பொருந்தாமல் இருப்பதே ஒருவகை ரத்தப் புற்றில் நன்மை செய்வதை மஜ்ஜை மாற்றில் கண்டது. ஆனால் வேறு மருத்துவமனைகளில், வேறு முறைகளில் செய்தபோது எல்லா இடத்திலும் அதே பலன் வரவில்லை. உங்கள் கேள்வி உங்களுக்கு வேண்டிய ஒருவருடைய மஜ்ஜை மாற்று தொடர்பானது என்றால் இந்த ஒரு ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அவரைப் பார்க்கும் மருத்துவக் குழுவிடம் கொடையாளியின் கே.ஐ.ஆர். வகையைப் பார்க்கிறார்களா, அவர்கள் செய்யும் முறையில் அது பொருட்படுத்த வேண்டியதா என்று நேராகவே கேளுங்கள்.